அழிக்க அழிக்க வரும் குதிரைக்காரன்

அத்தியாயம் 5

காரகோல் சந்தையில் துப்பறிவாளர் பெய்ஷெனின் அலுவலகத்துக்குப் போகிற மாடிப்படி அவ்வளவு செங்குத்து. பாதி வழியில் ஒரு நாற்காலி போட்டு வைத்திருப்பார்கள். கட்சிக்காரர்கள் அதில் உட்கார்ந்து மூச்சு வாங்கும்போதே நிதானமாக யோசித்து, காணாமல் போன மாடு போனால் போகட்டும் என்று இறங்கிப் போய்விடுவதும் உண்டு. மேலே வந்து சேர்ந்தவர்களை மட்டும் பெய்ஷென் கைவிட்டதில்லை. ஒரே ஒரு தும்மலை வைத்துக் குதிரைத் திருடனைப் பிடித்தவர் அவர். தும்மியது குதிரை.

அன்று காலை அந்த நாற்காலியில் பெய்ஷெனே உட்கார்ந்திருந்தார்.

கீழே இருந்து ஏறி வந்த அவருடைய உதவியாளர் சைகால், அவரைத் தாண்ட வழியில்லாமல் நின்றாள். முப்பது வயது, வாய்க்கு மட்டும் அறுபது.

"அண்ணே, மேல கட்சிக்காரர் யாராவது காத்திருக்காங்களா, இல்ல இன்னைக்கு நீங்களேதான் கட்சிக்காரரா?"

"ஒரு கேஸ் இருக்கு," என்றார் பெய்ஷென் எழுந்தபடி. "ஒரு சிநேகிதரோட கேஸ்."

"சிநேகிதர் ராத்திரி தூங்கலையோ? உங்க கண்ணு ரெண்டும் செவந்திருக்கே."

அவர் மேலே ஏறினார். சைகால் கதவைத் திறந்து, வழக்கம்போல் முதல் வேலையாக அலுவலகக் கம்ப்யூட்டரைப் போட்டாள். அது மாவு மில் மாதிரி இரைந்தது. "இந்தக் கெழம் கொஞ்ச நாளா இப்படித்தான் பண்ணுது. காலையில போட்டா, டீ குடிச்சு முடிக்கிற வரைக்கும் எதையோ மென்னுக்கிட்டே கெடக்கு. சரி, சிநேகிதருக்கு என்ன?"

"அவர் வீட்டுல ஒரு கம்ப்யூட்டர். அதுல ஒரு படம். அவர் சம்சாரம் பள்ளிக்கூடம் முடிச்சப்ப ஏரிக்கரைக்கு உல்லாசப் பயணம் போனாங்களாம். அங்க எவனோ ஒருத்தன் குதிரை மேல அவ உட்கார்ந்திருக்கா. அவன் கடிவாளத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான்."

"எவனோ ஒருத்தன்னா?"

"மீசை வெச்ச எவனோ ஒருத்தன்." பெய்ஷென் பல்லைக் கடித்தார். "சிநேகிதர் அந்தப் படத்தைச் சாயங்காலம் அழிக்கிறார். மறுநாள் சாயங்காலம் போய்ப் பார்த்தா மறுபடி இருக்கு. தினமும் அழிக்கிறார், தினமும் வருது. யாரோ திருப்பி வெக்கிறாங்க."

"சம்சாரமா?"

"அப்படித்தான் நெனைச்சார். அதனால கீபோர்டு மேல கோதுமை மாவு தூவி வெச்சார். மாவு அப்படியே இருக்கு, படம் திரும்பி வந்திருக்கு. திங்கக்கிழமை மட்டும் வர்றதில்லை."

"திங்கக்கிழமை சந்தைக்கு லீவு," என்றாள் சைகால்.

"அதேதான். சந்தையில கடை வெச்சிருக்கிற ஒருத்தன்தான் இதைப் பண்றான். சந்தையில கம்ப்யூட்டர் கடை வெச்சிருக்கிற, மீசையும் வெச்சிருக்கிற, படத்துல கடிவாளமும் பிடிச்சிருக்கிற ஒருத்தன்."

சைகால் ஜன்னல் வழியே கீழே பார்த்தாள். எதிர் வரிசையில் மார்லெனின் கடை. மார்லென் ஒரு காலத்தில், ஆட்டுடலைக் குதிரை மேலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடும் ஆட்டத்தில் மாவட்டமே அறிந்த வீரன். அவன் குதிரையோடு ஏரியை ஒரே தாவலில் தாண்டியதாக ஊரில் சொல்வார்கள். ஏரியும் இதுவரை மறுத்ததில்லை.

"அண்ணே, உங்க சட்டைக் கையில மாவு ஒட்டியிருக்கு."

பெய்ஷென் கையைத் தட்டிக்கொண்டார். பிறகு உட்கார்ந்தார். பிறகு உண்மையைச் சொன்னார்.

"நேத்து ராத்திரி சண்டை. நாளைக்கும் அந்தப் படம் வந்தா இந்த வீட்டுல ஒண்ணு அந்தக் கம்ப்யூட்டர், இல்ல நான்னு சொல்லிட்டேன். 'கம்ப்யூட்டர் இருக்கட்டும், அதாச்சும் குடுத்ததைப் பத்திரமா வெச்சுக்குது'ன்னா. காலையில பெட்டி கட்ட ஆரம்பிச்சுட்டா. மத்தியான வேன்ல கோச்கோருக்கு, அவ அம்மா வீட்டுக்குப் போறா. எப்பத் திரும்பி வருவான்னு கேட்டேன். படம் மாதிரி தினமும் திரும்பி வர நான் என்ன மடச்சியான்னு கேட்டா."

சைகாலின் வாயில் ஒரு கிண்டல் வந்து நின்றது. அதை அப்படியே விழுங்கிவிட்டு, "வாங்க, மீசையைப் பார்ப்போம்," என்றாள்.

மார்லென் கடையில் மெத்தை போட்ட நாற்காலியில் சாய்ந்திருந்தான். வெள்ளைக் கம்பளித் தொப்பி, முழங்காலில் சூட்டு ஒத்தடம், சட்டைப் பொத்தான்களுக்கு வேலை வைக்கிற தொப்பை. பெய்ஷெனின் கண்ணுக்கு இதில் எதுவும் படவில்லை. மீசை மட்டும் பட்டது. அந்த மீசை இன்னும் நரைக்கவில்லை என்பது ஒரு குற்றமாகவே அவருக்குத் தோன்றியது.

"வாங்கண்ணே," என்றான் மார்லென். "'காவலன்' கோளாறா?"

"எந்தக் காவலன்?"

"கம்ப்யூட்டர்ல இருக்கிறதையெல்லாம் பிரதி எடுத்து வெக்கிற புரோகிராம். உங்க வீட்டக்கா என்கிட்டதான் வாங்கினாங்க. ரெண்டு கம்ப்யூட்டருக்கு. அதுல ஒரு பழுது இருக்குண்ணே. வாங்கினவங்க எல்லாரும் வந்து திட்டறாங்க. நாம வேணும்னே அழிச்சாலும், ஐயோ தொலைஞ்சு போச்சேன்னு நெனைச்சு, இன்னொரு கம்ப்யூட்டர்ல இருக்கிற பிரதியை எடுத்துத் திருப்பி வெச்சிடுது. ரொம்ப விசுவாசம். எங்க அப்பாவோட நாய் ஒண்ணு இப்படித்தான், தூக்கிப் போட்ட செருப்பையெல்லாம் கவ்விட்டு வரும். பக்கத்து ஊர்க்காரன் செருப்பையும் சேர்த்து."

"அதை என் வீட்டுல வந்து போட்டது நீயா?"

"நான் வரலைண்ணே, முழங்கால் விடல. போன்ல சொன்னேன், அக்காவே போட்டுக்கிட்டாங்க."

"போன்ல எவ்வளவு நேரம்?"

மார்லென் முதல் தடவையாக அவர் முகத்தைக் கவனித்தான். சைகால் குறுக்கே புகுந்தாள். "ரெண்டு கம்ப்யூட்டர்னீங்களே. ஒண்ணு வீடு. இன்னொண்ணு?"

"எனக்கென்ன தெரியும்? எங்க போட்டாங்களோ. ஆனா ஒண்ணு சொல்றேன். எடுக்கணும்னா முதல்ல ஓட்டத்தை நிறுத்துங்க. ஓடும்போது புடுங்கினா மறுபடி முளைக்கும். அப்புறம் கம்ப்யூட்டர் போட்டதும் தானா எழுந்துக்கிற பட்டியல்ல இருந்து அதைத் தூக்குங்க. அப்புறம்தான் நீக்கணும். இன்னொரு முனை முழிச்சிருந்தா இந்த முனையை விடாது. ரெண்டும் அடங்கணும்."

வெளியே வந்ததும் பெய்ஷென் சொன்னார்: "கவனிச்சியா? 'அக்கா'ங்கிறான். மறைக்கிறவன்தான் அக்காம்பான்."

"நானும்தான் அக்காங்கிறேன். என்னையும் சந்தேகப்படுவீங்களா?"

"உனக்கு மீசை இல்ல," என்றார் பெய்ஷென். அத்துடன் அந்த விசாரணை முடிந்தது.

வீட்டு வாசலில் கட்டிய பெட்டி நின்றது. அதன் மேல் அம்மாவுக்காகப் பொரித்த மாவுருண்டைகள் ஒரு துணி மூட்டையில். அவர் மனைவி அனார்கூல் தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கணவர் எதிரிலேயே நிற்கும்போது சைகாலிடம் கேட்டாள்:

"எங்க வீட்டு ஆள் டீ குடிப்பாரான்னு கேளும்மா."

கோபத்தினால் மட்டும் வந்த பேச்சில்லை அது. அந்தப் பக்கத்து முறைமை தெரிந்த மருமகள்கள் புருஷன் பேரையும், புருஷன் வீட்டார் பேரையும் வாயால் சொல்ல மாட்டார்கள். ஆளாளுக்கு ஒரு பேர் வைத்துக்கொள்வார்கள். பெய்ஷெனின் அண்ணன் அவளுக்கு 'மேல்வீட்டுப் பெரியவர்', தம்பி 'சுருட்டைத் தலையர்'. அவர்களைப் பெற்ற தாய்க்கே இப்போது அந்தப் பேர்தான் வாயில் வருகிறது.

"குடிப்பேன்னு சொல்லு," என்றார் பெய்ஷென் சைகாலிடம்.

"ரெண்டு பேரும் என்னை வெச்சுத் தந்திச் செலவை மிச்சம் பண்றீங்க," என்று சைகால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

திரையில் படம் வந்திருந்தது. ஏரி, குதிரை, குதிரை மேல் ஒல்லியான அனார்கூல், கடிவாளத்தைப் பிடித்தபடி மீசை. பெய்ஷென் அந்த மீசையைப் பார்த்த பார்வைக்கு வேறு யாராக இருந்தாலும் முடி கருகியிருக்கும்.

அனார்கூல் தேநீர் கொண்டு வந்தாள். கணவருக்கு ஒரு கிண்ணம். சைகாலுக்கு ஒரு கிண்ணம், விளிம்பு தளும்பத் தளும்ப. வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

சைகால் அந்தக் கிண்ணத்தைப் பார்த்தாள். அந்த ஊரில் வேண்டிய விருந்தாளிக்குக் கிண்ணத்தில் பாதிகூட ஊற்ற மாட்டார்கள். குடிக்கக் குடிக்க ஊற்றுவார்கள். கூடவே உட்கார்ந்து பேசுவார்கள். முழுக் கிண்ணம் தந்தால், இதைக் குடித்துவிட்டு நடையைக் கட்டு என்று பொருள். வரி வசூலிக்க வருகிறவர்களுக்குத்தான் அப்படி ஊற்றுவது வழக்கம்.

"அண்ணே, என் டீயைப் பாருங்க."

"டீயைக் குடி. முதல்ல அந்தக் காவலனைத் தொற."

அவள் திறந்தாள். ஒரு சின்னச் சட்டம் வந்தது. அதில் இரண்டு கம்ப்யூட்டர்களின் பேர், பக்கத்தில் பச்சை விளக்கு. முதல் பேர் 'வீடு'. இரண்டாவது பேர் 'பனிச்சிறுத்தை'.

பெய்ஷென் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். பனிச்சிறுத்தை. குதிரை மேலிருந்து பாய்ந்து ஆட்டைத் தூக்குகிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவாள்? இருபது வருஷமாகத் தனக்கு 'எங்க வீட்டு ஆள்', அவனுக்குப் பனிச்சிறுத்தை. தம்பிக்குக்கூடச் சுருட்டைத் தலையர் என்று ஒரு அழகான பேர் உண்டு. 'எங்க வீட்டு ஆள்' என்பது மாட்டுத் தொழுவத்தைக் கூட்டுகிறவனுக்கும் சொல்கிற வார்த்தை.

"அவன்தான்," என்றார் மெதுவாக.

"இருங்க. நிறுத்திப் பார்ப்போம்." சைகால் ஓட்டத்தை நிறுத்தினாள். தானாக எழும் பட்டியலிலிருந்து எடுத்தாள். நீக்கச் சொல்லி அழுத்தினாள். காவலன் மரியாதையாகப் பதில் சொன்னான்: 'பனிச்சிறுத்தை விழித்திருக்கிறது. அது விழித்திருக்கும்வரை நான் போக இயலாது.' அடுத்த நிமிஷம் தானே மறுபடி ஓட ஆரம்பித்தான்.

"இவ்வளவு பிடிவாதம் எங்க மாமியார்கிட்டகூட இல்ல," என்றாள் சைகால்.

பெய்ஷென் போனை எடுத்தார். அவர் அலுவலகத்துக்குக் கீழே ஆஷ்லான்-ஃபூ, அதாவது காரமும் புளிப்புமான குளிர்ந்த நூடுல்ஸ் சூப் விற்கும் கடை. அதன் சொந்தக்காரி சுஹ்ரா. சந்தையில் ஒவ்வொரு கடைக்கும் வெளிச்சுவரில் ஒரு இரும்புக் கைப்பிடி உண்டு. இழுத்தால் அந்தக் கடைக்கு மட்டும் மின்சாரம் நிற்கும்.

"சுஹ்ரா, எதிர்க்கடை கைப்பிடியைக் கொஞ்சம் இழு. மார்லென் கடை."

"எதுக்குண்ணே?"

"துப்பறியறதுக்கு."

"அவன் நேத்து என் சூப்புல உப்பு இல்லைன்னான்," என்றாள் சுஹ்ரா. "இழுக்கிறேன்."

போனில் அவளுடைய செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு 'டக்' என்று ஒரு ஓசை. தூரத்தில் மார்லென் கத்துவதும் கேட்டது. பெய்ஷென் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பூனை எலிப்பொந்தைப் பார்ப்பதுகூடக் கொஞ்சம் சாவகாசமாக இருக்கும்.

பனிச்சிறுத்தையின் விளக்கு பச்சையாகவே எரிந்தது.

"அவன் இல்ல," என்றாள் சைகால்.

பெய்ஷெனுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பழகிய ஒரு எதிரி கையை விட்டுப் போனதில் ஏமாற்றம்தான் வந்தது. "அப்ப வேற ஒருத்தன் இருக்கான்," என்றார். "இதுவரைக்கும் ஒரு மீசைதான். இனிமே ஊர் மீசையெல்லாம் பார்க்கணும்."

சைகால் கிண்ணத்தின் ஓரமாக ஒரு வாய் உறிஞ்சினாள். தளும்பியதில் பாதி அவள் மடியில் சிந்தியது. துடைத்துக்கொண்டே கேட்டாள்:

"அண்ணே, உங்க சம்சாரம் என்னை எதுக்கு வெளிய போகச் சொல்றாங்க?"

"எப்பச் சொன்னா?"

"இப்பத்தான். வழிய வழியச் சொன்னாங்க." அவள் போனை அவர் கையிலிருந்து வாங்கினாள். "சுஹ்ரா அக்கா, லைன்ல இருக்கீங்களா? மார்லெனுக்குத் திருப்பிப் போட்டுருங்க, பாவம். இப்ப எங்க ஆபீஸ் கைப்பிடியை இழுங்க. ஆமா, எங்களுதுதான்."

"எதுக்கு அது?" என்றார் பெய்ஷென். "திங்கக்கிழமை லீவுங்கிறது நம்ம ஆபீஸுக்கும்தானே," என்றாள் சைகால்.

செருப்புச் சத்தம். 'டக்.'

பனிச்சிறுத்தையின் விளக்கு அணைந்தது.

பெய்ஷென் திரையைப் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார். பிறகு தன் வயிற்றைப் பார்த்தார்.

"அண்ணே," என்றாள் சைகால், "மாடிப்படியில பாதி ஏறினதும் உட்கார்ந்து மூச்சு வாங்குற ஒரே பனிச்சிறுத்தை இந்த மலைத்தொடர்லயே நீங்கதான்."

அனார்கூல் வாசற்படியில் வந்து நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"காவலனை ஆபீஸ்லயும் போட்டது நீதானா?" என்றார் பெய்ஷென்.

"ஆமா. நீங்க ஜலதோஷத்துல படுத்திருந்தப்ப, சாவியை எடுத்துட்டுப் போய்ப் போட்டேன்." அவள் இன்று முதல் தடவையாக அவரிடமே நேராகப் பேசினாள். "உங்க ஆபீஸ்ல இருக்கிறது இங்க வரணும்னு போட்டேன். இங்க இருக்கிறதும் அங்க போகும்னு எனக்குத் தெரியல. சுருட்டைத் தலையர் சம்சாரம் சொன்னா, சந்தையில நடந்தா உங்க ஆபீஸ்ல இருந்து எப்பவும் சிரிப்புச் சத்தம் கேக்குதாம். நீங்க வீட்டுல சிரிச்சு நான் பார்த்தது போன வசந்தத்துல. அதுவும் கோழி கூரையில இருந்து விழுந்ததுக்கு."

சைகால் கிண்ணத்தால் வாயை மறைத்துக்கொண்டாள்.

"என்ன கெடைச்சுது?" என்றார் பெய்ஷென்.

"மாடு கேஸு. அப்புறம் இவ உங்களைப் பத்தி வரைஞ்சு வெச்ச படங்க. கழுதை மேல தலைகீழா நீங்க. பூதக்கண்ணாடியால உங்க தொப்பையையே நீங்க துப்பறியறது." அனார்கூல் உதட்டைக் கடித்தாள். "நல்லா வரைஞ்சிருக்கா. நான் உட்கார்ந்து அழுதேன்."

"அதுல அழ என்னக்கா இருக்கு?" என்றாள் சைகால். "தப்பா ஒண்ணும் இல்லையே."

"தப்பா இருந்திருந்தா சண்டை போட்டுட்டுப் போயிருப்பேன். இவரைக் கேலி பண்றது என் வேலை. இருபது வருஷமா நான் பண்ணிட்டிருந்த வேலை. அதை நீ என்னைவிட நல்லாப் பண்ற."

பெய்ஷென் தொண்டையைச் செருமினார். தும்மலை வைத்தே திருடனைப் பிடித்தவர், இருபது வருஷமாகப் பக்கத்தில் இருந்ததைப் பிடிக்கவில்லை என்பது உறைக்க ஆரம்பித்திருந்தது. ஆனாலும் பொறாமை சும்மா போகுமா?

"அதெல்லாம் சரி. அப்ப அந்த மார்லென் படம்? அதை எதுக்கு வெச்சிருக்க?"

அனார்கூல் திரையைக் காட்டினாள். "தினமும் அழிக்கிறீங்களே, ஒரு நாளாவது முழுசாப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"மீசையைப் பார்த்தீங்க. குதிரைக்குப் பின்னால பாருங்க."

சைகால் படத்தைப் பெரிதாக்கினாள். குதிரையின் வாலுக்கு அந்தப் பக்கம் ஒரு பாறை. பாறைக்கு மேலே இரண்டு காதுகள். காதுகளுக்கு நடுவில் பதினெட்டு வயது முகம் ஒன்று, கடிவாளம் பிடித்தவனைக் கொன்று தின்றுவிடுகிற மாதிரி முறைத்துக்கொண்டிருந்தது. ரத்தம் குடிக்கிற முறைப்புத்தான். ஆனால் மூக்கு ஒழுகியிருந்தது.

பெய்ஷென் அந்தக் காதுகளைத் தடவிப் பார்த்தார். தன் தலையில்.

"அன்னைக்கு எல்லாரும் குதிரை மேல ஏறிப் படம் எடுத்துக்கிட்டாங்க," என்றாள் அனார்கூல். "பேசறதுக்குத் தைரியம் இல்லாம நீங்க மட்டும் பாறைக்குப் பின்னால ஒளிஞ்சு பார்த்துட்டே இருந்தீங்க. மலையில பனிச்சிறுத்தை அப்படித்தான் பார்க்கும்னு எங்க அப்பா சொல்வார். கல்யாணம் ஆனதும், உங்க பேரைச் சொல்ல முடியாதே, மனசுக்குள்ள அந்தப் பேரை வெச்சுக்கிட்டேன். வெளிய சொல்ல வெக்கமா இருந்துது. அசல் படம் அம்மா வீட்டுக் கூரை ஒழுகி நனைஞ்சு போச்சு. கல்யாணத்துக்கு முன்னாடி உங்க மூஞ்சி இருக்கிற படம் என்கிட்ட இது ஒண்ணுதான். அதைத்தான் தினமும் அழிச்சுட்டிருந்தீங்க."

கொஞ்ச நாளாக ஒருவனை ஒழித்துக்கட்டத் தூக்கமில்லாமல் உழைத்தது, அந்த ஒருவன் தானே என்று தெரியாமல் உழைத்தது, எல்லாம் சேர்ந்து பெய்ஷெனின் முகத்தில் ஒரே சமயத்தில் ஏறின. முகத்தில் இடம் போதவில்லை.

வெளியே வேன்காரன் ஒலிப்பான் அடித்தான்.

அனார்கூல் பெட்டியைப் பார்த்தாள். பெய்ஷென் எழுந்தார். பெட்டியைத் தூக்கினார். அவள் முகம் மாறியது. வழியனுப்பத்தான் தூக்குகிறார் என்று நினைத்தாள் போல. அவர் இன்னொரு கையில் மாவுருண்டை மூட்டையையும் எடுத்துக்கொண்டு, ஆணியில் தொங்கிய தன் தொப்பியைத் தலையால் குத்தி எடுக்கப் பார்த்தார். மூன்றாம் முறை தொப்பி சம்மதித்தது.

"உங்க அம்மாவைப் பார்த்து ரொம்ப நாளாச்சு," என்றார். "சிறுத்தைக்கு வேன்ல எடம் இருக்குமா?"

அனார்கூல் அடுப்பங்கரைக்குப் போய் தேநீர் குடுவையோடு வந்தாள். வந்தவள், சைகாலின் கையில் இருந்த கிண்ணத்தைப் பிடுங்கி, மிச்சத்தை ஜன்னலுக்கு வெளியே வீசிவிட்டு, அடியில் ஒரு வாய்க்கு மட்டும் ஊற்றிக் கொடுத்தாள்.

"நாங்க வர்ற வரைக்கும் வீட்டைப் பார்த்துக்க. கழுதைப் படத்தை எனக்கு ஒண்ணு பெருசா வரைஞ்சு வை. காது இன்னும் கொஞ்சம் நீளமா."

"காது அளவு எனக்குத் தெரியும்க்கா."

அவர்கள் போன பிறகு சைகால் திரைப் பக்கம் திரும்பினாள். ஆபீஸ் அடங்கிக் கிடந்தது. காவலன் இந்தத் தடவை முரண்டு பிடிக்கவில்லை. ஓட்டம் நின்றது, பட்டியலிலிருந்து போனான், நீங்குவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: 'பனிச்சிறுத்தையை மறந்துவிடட்டுமா?'

"நீ மற, பரவால்ல," என்று சொல்லி அவள் அழுத்தினாள். ஆபீஸ் முனையைச் சந்தைக்குப் போய் எடுத்துக்கொள்ளலாம். அந்தப் படத்தை மட்டும், எந்தக் காவலனையும் நம்பாமல், நல்ல தாளில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டினாள்.

வேன் ஏரிக்கரையோரம் குலுங்கிப் போய்க்கொண்டிருந்தது. முன் இருக்கையில் யாரோ மீசைக்காரன் திரும்பி அனார்கூலைப் பார்த்துச் சிரித்தான். பெய்ஷென் அவனை ஒரு முறை முறைத்தார். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அனார்கூல் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் குடுவையைத் திறந்து, கிண்ணத்தில் ஊற்றி அவரிடம் நீட்டினாள். வாங்குவதற்கு முன் பெய்ஷென் பயத்தோடு கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

பாதிகூட இல்லை. அடியை மட்டும் நனைத்திருந்தது.